எறும்புக்கு வழி விடாதவர்கள்

மார்ச் 4

தலைமை அலுவலகத்தில் சுழல் நாற்காலியில் வீற்றிருக்கும் என் அருமை மருமகளுக்கு, உன் அம்மாவின் ஒரே தம்பியும் உனக்கு ஒரே தாய்மாமனும் ஆகிய நான் எழுதிக்கொண்டது.

முதலில் ஒரு சத்தியம். இந்தக் கடிதத்திலும் இனி நான் எழுதப்போகும் கடிதங்களிலும் வரும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். யாராவது நம்பினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். மீசையை எடுத்துப் பல வருஷம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

நம் ஊர் சலவை ஆலை உனக்கு நினைவிருக்கும். எப்படி மறக்கும், அதை நடத்தும் கம்பெனியில்தானே சம்பளம் வாங்குகிறாய். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள், அத்தனையின் படுக்கை விரிப்பும் இங்கேதான் வெளுக்கும். அங்கே மடிப்புப் பிரிவில் நான் செலுத்திய ஆட்சியைப் பற்றி நானே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும், ஆனாலும் சொல்கிறேன். நான் ஒரு விரிப்பை உதறினால் பக்கத்து ஊரில் மேகம் கலையும். நான் மடித்து வைத்த ஓரத்தில் சவரம் செய்துகொண்டவர்கள் உண்டு.

போன வருஷம் எறும்புகள் வந்தன. ஓட்டுபவர் இல்லாமல் தானாக ஓடும் வண்டிகள். தட்டையாக, முழங்கால் உயரம்கூட இருக்காது. துணி ட்ராலிக்கு அடியில் புகுந்து, தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். அதனால் எறும்பு என்று நாங்களே பெயர் வைத்தோம். சில வாரங்கள் எங்களையும் அவற்றையும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்த விட்டார்கள். பிறகு ஒரு நாள், நாற்பதைத் தாண்டியவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திப் பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூச்சு இருக்கும்போதே பூ கொடுத்த பெருந்தன்மையை மறக்கமாட்டேன்.

இப்போது ஆலை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. ‘ஆட்கள் தேவை. வயது நாற்பதுக்குள்.’

மருமகளே, நம் ஊரில் நாற்பதுக்குள் யார் இருக்கிறார்கள்? நீ போனாய். உன்னோடு படித்தவர்கள் போனார்கள். துறைமுகத்துக்குப் போனார்கள், தலைநகருக்குப் போனார்கள், கடல் தாண்டியும் போனார்கள். பள்ளிக்கூடத்தை மூடி முதியோர் இல்லம் ஆக்கிவிட்டார்கள். உன் ஆறாம் வகுப்பு அறையில் இப்போது உன் ஆறாம் வகுப்பு ஆசிரியரே படுத்திருக்கிறார். நம் தெருவில் மிக இளையவர் தபால்காரர். அவருக்கு ஐம்பத்திரண்டு. நாங்கள் அவரை ‘தம்பிப் பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறோம். போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் கைக்குழந்தையோடு கடைவீதியில் இறங்கினார். பார்க்க வந்த கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வர வேண்டியதாயிற்று.

ஆலையில் மிச்சமிருந்த சின்ன வயசுக்காரர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எறும்பு சுமக்கும், அவ்வளவுதான். விரிப்பின் மூலையைத் தேடிப் பிடித்து இஸ்திரி உருளைக்குள் கொடுக்க ஆள் வேண்டும். கறை பார்க்க ஆள் வேண்டும். கிழிசலைத் தனியே எடுக்க ஆள் வேண்டும். உள்ளே ஆள் இல்லை. வெளியே, பலகைக்கு நேர் எதிரே, ஆள் நாங்கள் நிற்கிறோம்.

அந்த ‘நாற்பதுக்குள்’ யார் போட்ட கோடு என்று விசாரித்தேன். தலைமை அலுவலகத்தில் ஆள்திட்டப் பிரிவு என்றார்கள். அந்தப் பிரிவில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

போனில் கூப்பிடாதே. எடுக்கமாட்டேன். போனில் சண்டை போட்டால் “மீட்டிங் மாமா, அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுவாய். காகிதம் அப்படியில்லை. கீழே வைத்தாலும் மேஜைமேல் கிடந்து முறைக்கும்.

அந்த நாற்பதை அழி. எங்களுக்கு வேலை வேண்டும்.

இப்படிக்கு,
மடிப்புப் பிரிவின் முடி பறிக்கப்பட்ட சக்கரவர்த்தி,
மாமா


மார்ச் 11

மாமா,

ஆமாம், அந்தக் கோட்டைப் போட்டது நான்தான். யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று அம்மா சொன்னாள். “உன் மேல கோபம்னா என் வீட்டு நாற்காலி என்னடி பண்ணுச்சு?” என்று என்னைக் கேட்கிறாள். கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள். அவளை இழுக்காதீர்கள்.

நான் விளையாட்டுக்கு அதைச் செய்யவில்லை. நம் ஊர் ஆலையை மூடிவிட்டு, ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆலைக்கு எல்லாத் துணியையும் அனுப்பிவிடலாம் என்று இங்கே பேச்சு அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கே கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்கள்தான், மற்றதெல்லாம் இயந்திரம். அதைத் தடுக்கத்தான் நம் ஆலைக்கும் வண்டிகளை வாங்கவைத்தேன். ஒவ்வொரு வண்டியும் எங்கே ஓடியது, எங்கே நின்றது என்று தானே குறித்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியவர்கள் வேலை பார்த்த ஷிப்டுகளில் வண்டிகள் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம். இளையவர்கள் ஷிப்டில் அப்படி இல்லை. இந்தக் கணக்கை மேலே இருப்பவர்கள் பார்த்தார்கள் என்றால் மறுநாளே ஆலைக்குப் பூட்டு. அதனால்தான் நாற்பது. வெளியூரிலிருந்து இளையவர்கள் வருவார்கள் என்று நம்பினேன். ‘உழைக்கும் வயது மக்கள் தொகை குறைவு’ என்று நானே என் அறிக்கையில் எழுதிவிட்டு, நானே அவர்கள் வருவார்கள் என்று காத்திருந்தேன். அந்த முட்டாள்தனத்தை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மாமா, நீங்கள் உழைத்தது போதாதா? ஓய்வெடுக்கலாமே.

உங்கள் மருமகள்


மார்ச் 17

உழைக்கும் வயதை நிர்ணயிக்கும் பேரரசிக்கு,

‘உழைக்கும் வயது மக்கள்.’ அப்படியானால் நாங்கள் என்ன, உறங்கும் வயது மக்களா?

ஓய்வெடுக்கச் சொன்னாய். எடுத்துப் பார்த்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. முதல் வாரம் வீட்டுத் துணியை மடித்தேன். அது தீர்ந்ததும் திரைச்சீலையைக் கழற்றி மடித்தேன். பிறகு செய்தித்தாளை, பிறகு அடுத்த வீட்டுக் கொடியில் காய்ந்த துணியை. அந்த வீட்டு அம்மாள் போலீசுக்குப் போன் செய்தாள். வந்த காவலர் என்னோடு ஆலையில் இருந்தவரின் தம்பி. “அண்ணே, என் சட்டையையும் கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு போனார். கடைசியில் ஒரு மதியம், சும்மா நின்றுகொண்டிருந்த பூனையை நான்காக மடிக்கப் போனேன். அன்றைக்குத் தெரிந்தது, ஓய்வு எனக்கு ஒத்துக்கொள்ளாத வியாதி என்று.

ஆகவே போன திங்கள் ஆலைக்குப் போய் நாங்கள் எல்லோரும் வேலைக்கு மனுப் போட்டோம். நான், கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்த பாய்லர், கிழிசல் தைக்கும் தையல் அக்கா, இன்னும் பழைய ஷிப்டில் பாதி. மனு இப்போது காகிதத்தில் இல்லை, வாசல் அறையில் ஒரு கணினி. பெயர் கேட்டது, கொடுத்தேன். முகவரி கேட்டது, கொடுத்தேன். பிறந்த வருஷம் கேட்டது. தட்டெழுத விடாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உருட்டினேன், உருட்டினேன், உன் அம்மா வகுப்பில் முதல் மாணவியாக வந்த வருஷத்துக்குப் பல வருஷம் இப்பாலேயே பட்டியல் முடிந்துவிட்டது. நான் பிறந்த வருஷமே அதில் இல்லை. கணினியின் கணக்கில் நான் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவனுக்கு எதற்குப் பூங்கொத்து கொடுத்தீர்கள்?

தையல் அக்கா சாமர்த்தியக்காரி. பட்டியலில் இருந்த கடைசி வருஷத்தை அழுத்திவிட்டாள். திரையில் ‘வாழ்த்துகள், நீங்கள் தகுதியானவர்’ என்று வந்தது.

“அக்கா, உங்களுக்கு வயசு முப்பத்தொம்பதாம்” என்றான் பாய்லர்.

“என் மூத்த மகளுக்கு நாப்பத்தி ரெண்டுடா. அவகிட்ட சொல்லிடாத, பொறாமைப்படுவா.”

ஆலை மேனேஜர் வெளியே வந்தார். அவரை நாங்கள் புதுச்சட்டை என்போம். சட்டையில் இன்னும் கடை மடிப்புக் கலையாத ஆள். நல்லவர். உள்ளே மலை போலக் குவிந்திருந்த விரிப்புகளைக் காட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஏச்சு வாங்குகிறாராம். “எனக்கு உங்களை எடுத்துக்கத்தான் ஆசை. என் கையில என்ன இருக்கு, மேல இருந்து வந்த ரூல்” என்றார். மேலே என்று அவர் கையைத் தூக்கிக் காட்டியபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் உன்னைப் பார்த்தேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறது உன் கம்பெனி.

வருகிற முப்பதாம் தேதி காலை ஷிப்டுக்கு நாங்கள் எல்லோரும் உள்ளே நுழையப்போகிறோம். கேட்டைப் பூட்டினால் ஏறிக் குதிப்போம். பாய்லருக்கு இடுப்பு வலி, அவனைத் தூக்கிப் போட ஆள் ஏற்பாடாகிவிட்டது.

மாமா


மார்ச் 21

மாமா, தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் கேட்டைத் தாண்டினால் அதைப் படம் பிடித்து மேலே அனுப்புவார்கள். ஆலையை மூட ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பவர்கள் கையில் காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தது போலாகும். மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த மாதம் கடைசியில். அதுவரைக்கும் எனக்கு அவகாசம் கொடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். இதற்கு மட்டும் எனக்கு உண்மையான பதில் வேண்டும். மேகம் கலைவது, பூனையை மடிப்பது எதுவும் வேண்டாம். போன வருஷம் வண்டிகளோடு நீங்கள் வேலை பார்த்த அந்தச் சில வாரங்களில், உங்கள் ஷிப்டில், வண்டிகள் ஏன் நின்றன? நீங்கள் எல்லோரும் மெதுவாக நடந்தீர்களா? பயந்தீர்களா? வேண்டுமென்றே நிறுத்தினீர்களா? எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

வாழ்க்கையில் ஒரு தடவை, அலங்காரம் இல்லாமல்.


மார்ச் 25

மருமகளே,

அலங்காரம் இல்லாமல் எழுதச் சொல்வது, உப்பு இல்லாமல் உண்ணச் சொல்வது போல. முயற்சி செய்கிறேன்.

நாங்கள் மெதுவாக நடக்கவில்லை. பயப்படவும் இல்லை. ஓநாய்களுக்கு நடுவே வளர்ந்தவன் நான். (சரி. அதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்.) வேண்டுமென்று நிறுத்தவும் இல்லை. அந்த எறும்புகளுக்குத்தான் பிடிவாதம்.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. நான் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறது, யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. சுமையோடு வருகிறவனுக்குத்தான் வழி. வெறுங்கையோடு போகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும், அவன் மேனேஜராக இருந்தாலும் சரி. ஈரத்துணி ட்ராலி பாறாங்கல் கனம் கனக்கும். ஒருமுறை நிறுத்தினால் திரும்பத் தள்ளிக் கிளப்புவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அதனால் அந்த மரியாதை.

எறும்பு நிறைசுமையோடு வரும். நாங்கள் வழக்கப்படி ஒதுங்கி நிற்போம். நடைபாதையோ குறுகல், சுவரோடு ஒட்டித்தான் நிற்க முடியும். அதுவும் நிற்கும். “போப்பா” என்போம், போகாது. வாசலில் நின்றுகொண்டு, வாங்க வாங்க என்று நாலு தடவை அழைத்தால்தான் உள்ளே வருவேன் என்று முரண்டு பிடிக்கும் புதுமாப்பிள்ளை போல நிற்கும். பாய்லர் கையை நீட்டி வழி காட்டுவான். தையல் அக்கா குனிந்து, “போ சாமி, பாரத்தைத் தூக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப” என்று கெஞ்சுவாள். ஒருநாள் பாய்லரும் ஒரு எறும்பும் எதிரெதிரே நின்றார்கள், டீ மணி அடிக்கும் வரைக்கும். அவன் டீ குடிக்கப் போனதும் அது கிளம்பிப் போனது. “திமிரப் பாத்தியா, நான் போற வரைக்கும் காத்திருந்து போகுது” என்றான்.

அவ்வளவுதான். உண்மை எவ்வளவு சப்பென்று இருக்கிறது பார்த்தாயா? இதற்காகவா இத்தனை நாள் ஏங்கினாய்.

கேட் ஏறிக் குதிக்கும் விழாவைத் தள்ளிவைத்திருக்கிறேன். ரத்து செய்யவில்லை.

மாமா


ஏப்ரல் 2

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே ஆலையின் பழைய கேமரா பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த வாரங்களில் நான் எண்களை மட்டும்தான் பார்த்திருந்தேன், படத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வண்டிக்குப் பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை. முன்னால் மனிதர் நின்றால், அவர் கடந்து போகும்வரை அது நகராது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அது உங்களுக்கு வழி விட்டது. நீங்கள் அதற்கு வழி விட்டீர்கள். இரண்டு பக்கமும் மரியாதை, நடுவில் துணி அப்படியே.

இளையவர்கள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அதைக் கண்டுகொள்ளாமல் நடந்து போனார்கள். அவர்கள் கடந்த உடனே வண்டியும் போனது. நான் அதைச் சுறுசுறுப்பு என்று எழுதினேன். உங்கள் மரியாதையை முதுமை என்று எழுதினேன். அந்த ஒரு தப்புக் கணக்கின் மேல்தான் நாற்பது என்ற கோட்டைப் போட்டேன்.

இதை என் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “உங்க ஊர்க்காரங்கன்னு பேசுறீங்க” என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு வாரச் சோதனைக்கு ஒத்துக்கொண்டார். பழைய ஷிப்ட், அதே ஆட்கள், அதே வண்டிகள். வண்டிகள் நிற்கும் நேரம் இளையவர்கள் ஷிப்டின் அளவுக்குக் குறைய வேண்டும், தேங்கிய துணியும் தீர வேண்டும். நடந்தால் வயது வரம்பை எடுத்துவிடலாம். நடக்காவிட்டால் கூட்டத்தில் ஆலையை மூடச் சொல்லும் அறிக்கையை நானே படிக்க வேண்டும். அதற்கும் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வண்டியைப் பார்த்தால் நிற்காதீர்கள். ஒதுங்காதீர்கள். நடந்துகொண்டே இருங்கள். வண்டி உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

முடியுமா மாமா?


ஏப்ரல் 6

மருமகளே,

கடிதத்தைக் கடைவீதியில் பெஞ்சு மேல் ஏறி நின்று உரக்கப் படித்தேன். முடித்ததும் பாய்லர் சொன்னான்: “பெத்த அப்பனுக்கே வழி விடாதவன் நான். போயும் போயும் ஒரு தகர டப்பாவுக்கு ஒதுங்கி நின்னு வேலையை விட்டிருக்கேன்.” தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். பூமி பிளந்து அடியில் தண்ணீர் தெரிந்தது.

உன் சோதனைக்கு வருகிறோம். ஆனால் ராஜ்யத்தின் சார்பாக மூன்று நிபந்தனைகள்.

சம்பளம் அதே சம்பளம். ‘மூத்தோர் பங்கேற்புத் திட்டம்’ என்று புதுச்சட்டை வாயில் ஏதோ நுழைந்தது. அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் வீட்டுக் கதவை நான் மடித்துவிடுவேன் என்று சொல். வேலைக்குக் கூலி, வயதுக்குத் தள்ளுபடி கிடையாது.

எங்களைப் படம் பிடித்து, தலை நரைத்தவர்கள் சிரிக்கிற மாதிரி சுவரொட்டி அடிக்கக் கூடாது. பாய்லர் சிரித்தால் ஆஸ்பத்திரிகள் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடும்.

இஸ்திரி உருளைப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க உயரமான ஸ்டூல் வேண்டும். இது கிழவர்களுக்காக இல்லை. இருபது வயதில் நான் கேட்டதும் இதே ஸ்டூல்தான்.

இனி உன் நிபந்தனைக்கு வருகிறேன். நிற்காமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. காலில் ஊறிய பழக்கம். அதனால் தினமும் காலையில் பழைய பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. எறும்புக்குப் பதிலாக என் அக்காவின், அதாவது உன் அம்மாவின், தள்ளுவண்டி. அதன்மேல் மெத்தைகளை அடுக்கித் தபால்காரப் பாப்பா தள்ளிக்கொண்டு வருவார். நாங்கள் எதிரே நடக்க வேண்டும். முதல் நாள் ஒருவர் விடாமல் அத்தனை பேரும் ஒதுங்கி நின்றோம். தபால்காரரும் நின்றுவிட்டார். “நீங்க எதுக்குய்யா நிக்கிறீங்க?” என்று உன் அம்மா கத்தினாள்.

“பெரியவங்க நிக்கிறீங்களே அக்கா, நான் எப்படிப் போறது?”

இரண்டாம் நாள் நிலைமை தலைகீழ். யாரும் யாருக்கும் வழி விடவில்லை. பாய்லரும் நானும் நேருக்கு நேர் மோதினோம். அந்தச் சத்தத்தில் மூன்று தெருவுக்கு ஜன்னல் கண்ணாடி போயிற்று. தையல் அக்கா யாரையும் பார்க்காமல் வாயிலையும் தாண்டிப் போய்விட்டாள். பேருந்து நிலையத்தில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தோம். “நிக்காதன்னு சொன்னீங்க, நான் நிக்கல” என்கிறாள்.

ஆமாம், உன் அம்மா வீட்டுக்குப் போனேன். தள்ளுவண்டி கேட்கத்தான் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தது தற்செயல்.

மாமா


ஏப்ரல் 10

மாமா,

சம்பளம் சரி. சுவரொட்டி கிடையாது. ஸ்டூல் ‘பரிசீலனையில்’ என்கிறார்கள். என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஆளுக்கொன்று கொண்டு வந்துவிடுங்கள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

திங்கள் காலை ஷிப்ட். நான் வர முடியாது, வந்தால் நான் ஜோடித்தேன் என்பார்கள். எண்கள் மட்டும்தான் எனக்கு வரும்.

நேற்று அலுவலகத்தில் என் பக்கத்து அறைக்காரி கேட்டாள்: “இது நடக்கலைன்னா உனக்கு என்ன ஆகும்?” யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகாது. வேறு நாற்காலி, வேறு மாடி. ஊருக்கு இதை விட்டால் வேறு ஆலை இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நிற்காதீர்கள்.


ஏப்ரல் 12

மருமகளே,

நாளை காலை. ஸ்டூல்கள் தயார். பாய்லர் தன் வீட்டுச் சமையலறை ஸ்டூலை எடுத்ததில் அவன் மனைவி அவனோடு பேசுவதில்லை. அதை ஒரு கூடுதல் சலுகை என்று நினைக்கிறான்.

உன்னிடம் இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே, அதைப் பார்த்தால் நீ எங்கள் வீட்டுப் பெண்தான் என்று தோன்றுகிறது.

மாமா


ஏப்ரல் 29

மாமா,

கூட்டம் முடிந்தது. ஆலை மூடப்படாது. வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். கணினியில் பிறந்த வருஷப் பட்டியலை நீட்டச் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பிறக்க அனுமதி கிடைத்துவிட்டது.

முழு வெற்றி என்று குதிக்காதீர்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்களாம். அடுத்த வருஷம் விரிப்பை உதறி உருளைக்குள் கொடுக்கிற இயந்திரமும் வருகிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலதிகாரிக்கு என் மேல் வருத்தம். எனக்கு வர வேண்டிய பதவி பக்கத்து அறைக்காரிக்குப் போய்விட்டது. அவள் நல்லவள், போகட்டும். நம் ஊரைப் போலவே வயதானவர்களாலும் மூடிய பள்ளிக்கூடங்களாலும் நிரம்பிய ஊர்களில் உள்ள மற்ற ஆலைகளையும் நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. தண்டனையாகத்தான் கொடுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த முறை எண்களோடு படத்தையும் பார்ப்பேன்.

எண்கள் என் முன்னால் இருக்கின்றன. முதல் நாள் மோசம். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாளிலிருந்து வண்டிகள் இளையவர்கள் ஷிப்டைவிடக் குறைவாகத்தான் நின்றிருக்கின்றன. வெள்ளிக்குள் தேங்கிய துணி காலி. என்ன நடந்தது என்று எண்கள் சொல்லாது.

மாமா, நீங்கள் சொல்லுங்கள். இந்தத் தடவை அலங்காரத்தோடு. எவ்வளவு வேண்டுமானாலும்.


மே 5

அகில உலகச் சலவை ஆலைகளின் சுற்றுப்பயணத் தூதராகிய என் மருமகளுக்கு,

கேட்டாய், தருகிறேன். பிறகு அதிகம் என்று சொல்லக் கூடாது.

திங்கள் காலை நாங்கள் தலையில் ஸ்டூல்களைக் கவிழ்த்துக்கொண்டு படை போல நுழைந்தோம். எறும்புகள் எங்களைக் கண்டதும் வரிசையாக நின்று வணக்கம் வைத்தன. புதுச்சட்டை அழுதுவிட்டார், அவர் கண்ணீரில் அன்றைய முதல் சலவை முடிந்தது. காலையில் பழைய புத்தியில் நாங்கள் ஒதுங்கினோம், உன் எண்களில் அது தெரிந்திருக்கும். மதியம் பாய்லர் எல்லோரையும் கூப்பிட்டு, “இன்னிக்கு ஒதுங்கினவன் நாளைக்கு வீட்டுல ஒதுங்கிக் கிடப்பான்” என்று முழங்கினான். உருளைகள் அதிர்ந்தன. தேங்கிய விரிப்புகள் தாமாகவே எழுந்து நடந்து மடிந்துகொள்ள ஆரம்பித்தன.

புதன்கிழமை ஒரு எறும்பு தையல் அக்காவிடம் தன்னை மணந்துகொள்ளக் கேட்டது. “குடும்பத்துல யாருக்கும் வாயில்ல, நல்ல இடம்தான்” என்று யோசித்தாள். கடைசியில் வேண்டாம் என்றாள். அது மனமுடைந்து மூலையில் நின்றது, மின்சாரம் ஏற்றித் தேற்றினார்கள். வியாழன் அன்று நான் விரிப்பை உதறிய வேகத்தில் ஆலையின் கூரை நாலடி உயர்ந்து, பிறகு சரியான இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. வெள்ளி மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த லாரி டிரைவர் விரிப்புகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதுல படுத்தா வியாதியே வராதே, எங்க ஆஸ்பத்திரியை மூடிடுவாங்களே” என்று கவலைப்பட்டார். அடுத்த வருஷம் வரப்போகும் அந்த உதறும் இயந்திரத்துக்கு நாங்கள் இப்போதே ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டோம். வரட்டும். மடிக்கத் தெரியாத மாப்பிள்ளைகளை நாங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்.

இதில் ஒரு வரியையும் நீ நம்பமாட்டாய். நம்பாதே.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அதையும் சொல்லிவிடுகிறேன். எண்களில் அது ஒரு சிறு இடைவெளியாகத் தெரியும், நீயாக வேறு ஏதாவது அர்த்தம் எழுதிவிடக் கூடாது.

வியாழன் மதியம், எறும்புகள் எல்லாம் சுமையோடு இருந்ததால் நிறை ட்ராலி ஒன்றை நானே தள்ளிக்கொண்டு போகும்போது, நடைபாதையின் நட்டநடுவில் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றேன். எதிரே வந்த எறும்பும் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. பழைய நாளாக இருந்தால் பின்னாலிருந்து யாராவது ஒரு சூப்பர்வைசர், “என்ன அங்க வேடிக்கை, தள்ளுய்யா” என்று கத்தியிருப்பார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளியிருப்பேன். அப்படித்தான் தள்ளினேன், அத்தனை வருஷமும். அன்றைக்கு யாரும் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பாய்லர் பார்த்தான், பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். நான் ட்ராலியின் கைப்பிடியில் சாய்ந்து, மூச்சு எனக்குத் திரும்பி வரும்வரைக்கும், அவசரமே இல்லாமல் நின்றேன்.

பிறகு நடந்தேன். ஓரமாக இல்லை, நடுவிலேயே.

மாமா